மண்டபத்துக்கு நான் கட்டிய மாடி

எங்கள் தெரு மண்டபத்தின் நூறு வருட நினைவுகளை அழிக்க எனக்கு ஒரு விரல் போதுமானதாக இருந்தது. அதுவும் இடது கை விரல். வலது கையில் டீ கிளாஸ் இருந்தது.

ஒலிப்பதிவுக் கருவியைக் குறை சொல்ல முடியாது. கேட்காமல் அழிக்கும் கெட்ட பழக்கம் அதற்கு இல்லை. 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று கேட்டது. பிறகு 'நிச்சயமாகவா?' என்று இன்னொரு முறையும் கேட்டது. ஆனால் என் விரல் கல்யாணமான விரல். கேள்வியை முழுசாகப் படிப்பதற்கு முன்பே 'ஆம்' என்று சொல்லிப் பழகியது. இரண்டு முறையும் சொல்லிவிட்டது.

டிரில் மாஸ்டர் போனார். டெய்லரம்மா போனார். வீடு வீடாக ஏறி இறங்கி நான் சேர்த்த பெரியவர்கள் அத்தனை பேரும், வாழ்நாளில் எதையும் இத்தனை ஒற்றுமையாகச் செய்யாதவர்கள், ஒரே நொடியில் ஒன்றாகப் போனார்கள்.

எனக்குத் தொழில் மைக் செட். கூட்டமோ கல்யாணமோ, ஒலிபெருக்கியைக் கட்டி, 'ஹலோ, செக்' என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொள்பவன். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் வீட்டோடு வந்து சேர்ந்தவன் என்றாலும் இந்தத் தெருவில் என் குரலைக் கேட்காதவர் கிடையாது. அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் கேட்டவரும் கிடையாது. கடை என்று நான் சொல்வது மண்டபத்தின் பக்கச் சுவரில், பெட்ரோல் பங்க் பக்கமாகச் சாய்த்துக் கட்டிய தகரக் கொட்டகையை. நான் கொடுக்கிற வாடகைக்கு வேறு எங்கே போனாலும் குடை விரிக்கக்கூட இடம் தரமாட்டார்கள். மண்டபம் நிற்கிறவரைக்கும் கடை நிற்கும். மண்டபம் போனால் என் பிழைப்புக்குச் சாய்ந்துகொள்ளச் சுவர் இருக்காது.

போகிற நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. சாலையை அகலப்படுத்துகிறார்களாம். தப்ப ஒரே வழி, பழைய கட்டடங்களைக் காக்கும் துறையின் பட்டியலில் மண்டபத்தைச் சேர்ப்பது. வயசு மட்டும் போதாது, அக்கம்பக்கத்து மக்களின் நினைவில் அந்தக் கட்டடம் வாழவேண்டும், அதை அவர்கள் வாயாலேயே நாங்கள் கேட்கவேண்டும் என்று துறை சொல்லிவிட்டது. மண்டபக் கமிட்டித் தலைவர் ஒரு கருவியை வாங்கி என் கையில் கொடுத்து, பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் பொறுப்பை ஒப்படைத்தார்.

தலைவருக்குத் தெருவில் 'தீர்மானம்' என்று பெயர். தும்மல் வந்தால்கூட யாராவது முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்த பிறகுதான் தும்முவார்.

பதிவு நடந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தீர்மானம் கூடவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதனாலோ என்னவோ, பெரியவர்கள் எல்லோரும் துணிக்கடையில் கஜக்கோல் வைத்து அளப்பது போலப் பேசினார்கள். நல்ல மண்டபம். போவோம், வருவோம். மழை பெய்தால் ஒழுகும். யாராவது கொஞ்சம் சூடு பிடித்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் தீர்மானத்துக்கு இருமல் வந்துவிடும். இருமல் அடங்கும்போது கதையும் அடங்கியிருக்கும். அழிந்துபோனதால் உலகத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அதிகாரி வந்து உட்கார்ந்து, 'போடுங்கள், கேட்போம்' என்று சொல்லும்போது போட்டுக் காட்ட ஏதாவது வேண்டுமே.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தலைவர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா அவசரக் கூட்டம் போட்டு என்னைக் கண்டிச்சுத் தீர்மானம் நிறைவேத்துவார்."

"அப்போ சொல்லாதீங்க."

இரண்டு பக்கமும் அவளே வாதாடி முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

சரி, தலைவருக்குத் தெரியாமல் எல்லோரிடமும் இன்னொரு முறை பதிவு செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். முதலில் டிரில் மாஸ்டர் வீடு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே காலத்தை ஓட்டியவர். வீட்டில் செருப்புகள்கூட உயர வரிசையில் நிற்கும்.

"போன வாரம்தானே சொன்னேன்" என்றார் வாசலிலேயே.

அழிந்துவிட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "சொன்னீங்க சார். அதுல அந்த மாடியைப் பத்திச் சொன்னீங்களே, அதை மட்டும் இன்னும் கொஞ்சம் விவரமா..."

மாடி எப்படி என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. மண்டபத்துக்கு மாடி கிடையாது. ஒரே நீளக் கூடம், தலைக்கு மேல் ஓடு, அவ்வளவுதான். மேடைகூட பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேலே ஜமுக்காளம் விரிப்பதுதான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் அவசரத்தில் கையில் கிடைத்ததை எடுத்து எறிவான். என் கையில் ஒரு முழு மாடி கிடைத்துவிட்டது.

மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார்.

"தலைவர் வரலியா?"

"இல்ல சார்."

"மாடி விஷயம் உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்கதான் சார்."

"நானா? இந்த வாயை என்ன பண்றது." சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். "சரி, உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமே என்ன இருக்கு. மிஷினைப் போடுங்க தம்பி."

போட்டேன். மனிதர் கொட்டினார். மண்டபத்து மாடிக்கு மரப்படியாம். கீழே இருந்து எண்ணினால் நடுப்படி மட்டும் முனகுமாம். அதை மிதிக்காமல் தாண்டத் தெரிந்தவன்தான் தெருவில் ஆம்பிளையாம். கீழே பெரிய மனிதர்கள் சொற்பொழிவு ஆற்ற, மேலே பையன்கள் கைவிரலைக் காட்டி மார்க் போடுவார்களாம். மாஸ்டரே ஒரு முறை பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கூப்பிட்டபோது மாடியில் பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டாராம். 'வரவில்லை' என்று அறிவித்தபோது அவரும் சேர்ந்து கை தட்டினாராம்.

ஒரு நிமிஷம் தாமதமாக வந்த பையனை மைதானத்தைச் சுற்றி ஓடவைத்த மனிதர், இல்லாத மாடியில் இத்தனை சரளமாக ஏறி இறங்குவார் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனாலும் பதிவு பிரமாதமாக வந்திருந்தது. முதல் முறை கிடைத்த 'போவோம், வருவோ'முக்கு இது எவ்வளவோ மேல். எனக்கு ஆசை பிடித்துவிட்டது. அடுத்த வீட்டிலும் அதே சாவியைப் போட்டேன்.

டெய்லரம்மாவின் கணவர் டெய்லர். அவர் காலமான பிறகும் அம்மா அதே மிஷினில் தைத்துக்கொண்டிருக்கிறார். "மாடியைப் பத்தி மாஸ்டர் எல்லாம் சொல்லிட்டாரும்மா" என்றேன். அவர் கையிலிருந்த சட்டையை மடியில் வைத்தார்.

"சொல்லிட்டாரா? அப்போ நானும் சொல்லலாமா?"

"தாராளமா சொல்லுங்க."

யாரோ வீட்டுக் கல்யாணமாம். டெய்லர் அப்போது இன்னொருவர் கடையில் கைவேலை பார்த்த பையன். கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே வந்து மாடிக் கைப்பிடியில் சாய்ந்து பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். டேப் நழுவிக் கீழே உட்கார்ந்திருந்த இந்த அம்மாவின் தோளில் மாலை மாதிரி விழுந்திருக்கிறது.

"நிமிர்ந்து பார்த்தேன். டேப்பைக் கொடுன்னு சைகை காட்டினார். நான் கொடுக்கல. வேணும்னா வீட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட கேட்டு வாங்கிக்கன்னு சொன்னேன். வந்து கேட்டார். டேப்பைக் கேக்கல."

சொல்லிவிட்டு ஒரு துணியை எடுத்துத் தையல் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கையில் அகப்பட்டதை எறிந்தேன். அந்த அம்மா அதன் மேல் தன் கணவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இனி அதை இறக்குவது எப்படி?

நான் இறக்குவதற்குள் தெருவே ஏறிவிட்டது. அடுத்தடுத்த வீடுகளில் நான் மாடியின் பேரை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் அதைச் சொன்னாராமே, இவர் இதைச் சொன்னாராமே என்று அவர்களாகவே ஆரம்பித்தார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தனை பேரும் உண்மையிலேயே ஏறியிருந்தால் மாடி அன்றைக்கே உட்கார்ந்திருக்கும்.

மாடி இல்லை என்று ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை சொன்னால்கூட என் மனசாட்சி கொஞ்சம் மூச்சு விடும். மிச்சம் இருந்தது என் மாமியார்.

அத்தை இந்தத் தெருவிலேயே பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்வு பெற்றது, பழக்கம் பெறவில்லை. எதைக் கேட்டாலும் வேறு யாருக்காவது இணைப்புக் கொடுத்துவிடுவாரே தவிர, தானாகப் பதில் சொல்லமாட்டார். உப்பு எங்கே என்றால், உன் பெண்டாட்டியைக் கேள் என்பார். மணி என்ன என்றால், ரேடியோவைப் போடு என்பார். இதெல்லாம் மரியாதையாக, 'மாப்ள' என்று கூப்பிட்டுத்தான்.

"அத்தை, மண்டபத்துக்கு மாடி இருந்துச்சா?"

"எந்த மண்டபம் மாப்ள?"

"இங்க என்ன பத்து மண்டபமா இருக்கு? நம்ம மண்டபம்தான்."

"அதை டிரில் மாஸ்டர்கிட்ட கேளுங்களேன். அவருக்கு இதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கும்."

இணைப்பைத் துண்டித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் தீர்மானம் கடைக்கு வந்து, அதிகாரி வருவதற்கு முன் பதிவை ஒரு தடவை கேட்டுவிடுவோம் என்றார். அவரே பக்கத்தில் இருந்து கேட்ட பேச்சுகள்தானே, புதிதாக என்ன இருக்கிறது என்று தட்டிக் கழித்துப் பார்த்தேன். நடக்கவில்லை. மாஸ்டர் மரப்படியில் கால் வைத்ததும் தீர்மானத்தின் முகம் வெளுத்துவிட்டது. இருமல்கூட வரவில்லை.

"மாடியைப் பத்தி யார் கேட்டது?"

"அவங்களாத்தான் சொல்றாங்க."

"மடையனுங்க." கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். "எடுத்துடுங்க. எதுல வேணும்னாலும் கையை வைங்க, மாடின்ற பேச்சு மட்டும் ஒரு இடத்துலயும் இருக்கக் கூடாது."

பொய்யைப் பொறுக்காத மனிதர் என்று அன்றைக்கு அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. உட்கார்ந்து வெட்டினேன். மாடியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். வீட்டிலிருந்து மாடியை எடுக்கிறவன் மாடிப்படியையும் எடுக்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரி வந்தார். கண்டிப்பான, களைத்த பெண்மணி. தெருப் பெரியவர்கள் மண்டபத்தில் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி சுவரைத் தட்டிப் பார்த்தார், நீள அகலம் அளந்தார். ஒரு பக்கத்துக் கூரை மட்டும் ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது என்று கேட்டார். அந்தக் காலத்தில் விடிய விடிய விளக்கேற்றி அறிஞர்கள் விவாதிப்பார்கள், அந்தப் புகை என்றார் தீர்மானம். அதிகாரி பரவசத்தோடு குறித்துக்கொண்டார்.

பிறகு நான் பதிவைப் போட்டேன்.

மாஸ்டர் ஏறினார், உடனே இறங்கினார், மறுபடி ஏறினார். எதில் என்று சொல்லாமல் கொஞ்ச நேரம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். தொடர்ந்து டெய்லரம்மாவின் குரல். கல்யாணம், பந்தி, பிறகு ஆகாயத்திலிருந்து ஒரு டேப் வந்து தோளில் விழுந்தது.

அதிகாரி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "டேப் எங்கேயிருந்து விழுந்தது?"

"ஜன்னல்லேர்ந்து" என்றார் தீர்மானம்.

டெய்லரம்மா எழுந்தார். "எங்க வீட்டுக்காரர் எங்கே? அவரைக் காணோமே. அவர் மாடியில நின்னதை நான் சொன்னேனே."

தீர்மானத்துக்கு இருமல் வந்தது. மருத்துவமனைக்குப் போகவேண்டிய இருமல். அதிகாரி அதைப் பொருட்படுத்தாமல் மாஸ்டர் பக்கம் திரும்பி, மாடி இருந்ததா என்று கேட்டார். மாஸ்டர் எழுந்து விறைப்பாக நின்றார். அந்த நிலையில் அவருக்குப் பொய் வராது போலிருக்கிறது.

"இருந்தது."

அதிகாரி கூரையை நிமிர்ந்து பார்த்தார். "இந்த உயரத்துல மாடி வச்சா, ஏறினவங்க தலை ஓட்டுக்கு வெளியேதான் இருக்கும். அப்போ மாடியையும் எடுத்து, கூரையையும் இறக்கிக் கட்டியிருக்கீங்க. மாத்திக் கட்டின கட்டடத்தை நாங்க பட்டியல்ல சேர்க்கிறதில்ல." பேனாவை மூடினார்.

அந்த மூடி 'டிக்' என்று விழுந்த சத்தத்தில் என் தகரக் கொட்டகை சரிவது எனக்குக் கேட்டது. எழுந்து நின்றேன். கையில் மைக் இருந்ததை மறந்துபோனேன். ஆகவே நான் சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டது.

"மேடம், அந்த மாடியைக் கட்டினது நான்."

"எப்போ?"

"போன வாரம்."

"யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

"வாயாலதான் கட்டினேன் மேடம்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விரல் அழித்ததை, நாக்கு கட்டியதை, நான் எடுத்துக் கொடுத்ததால்தான் பாவம் இவர்கள் எல்லோரும் ஏறினார்கள் என்பதை. சொல்லி முடித்ததும் பெரியவர்கள் என்மேல் பாய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் பாயவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டெய்லரம்மா மட்டும் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். தீர்மானம் ஒரே ஒரு முறை, மெதுவாக இருமினார். அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி மாஸ்டரிடம் மறுபடியும் கேட்டார். மாஸ்டர் எதிர்ச் சுவரைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"இந்தக் கட்டடத்துல மாடி எந்தக் காலத்துலயும் கிடையாது."

"பின்னே இருந்ததுன்னு சொன்னீங்க?"

"வயசாச்சு."

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். இல்லாத மாடியைக் கட்டி ஏறுகிற அளவுக்கு ஒரு தெருவே இந்தக் கட்டடத்தை நினைத்துக்கொண்டிருக்கிறது என்றால், நினைவில் வாழ்வதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார். ஒரு செங்கல்கூட மாறாத கட்டடம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மண்டபம் பிழைத்தது. கூடவே என் கடையும்.

தீர்மானம் என் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார். முன்மொழிவு, வழிமொழிவு எதுவும் இல்லாமல், கண்ணில் தண்ணீரோடு. மாஸ்டர் என் முதுகில் தட்டிவிட்டு, ஏதோ சொல்ல வந்தவர், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். டெய்லரம்மாவின் முன்னால் போய் நின்றேன். "பரவாயில்ல தம்பி, மண்டபம் தப்பிச்சுதே, அது போதும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தால் மனைவி இன்னும் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. அத்தை கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். என் பேச்சு மைக் வழியாக இங்கேயும் வந்து சேர்ந்திருக்கும். 

"கடை பிழைச்சுது அத்தை. ஆனா சந்தோஷமா இல்ல."

"அதை அவ வந்ததும் சொல்லுங்க மாப்ள."

"ஒரு வயசானவங்களோட நெஞ்சுல பொய்யான ஞாபகத்தை வச்சுட்டேன். வச்சதோட விடாம நாலு பேர் முன்னால பிடுங்கியும் போட்டுட்டேன். அவங்க வீட்டுக்காரர் நின்ன இடத்தையே இல்லேன்னு ஆக்கிட்டேன்." மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டேன். "இப்பவே டெய்லரம்மா வீட்டுக்குப் போறேன். அவர் மாடியில நிக்கவே இல்ல, அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல, எல்லாம் நான் கிளப்பிவிட்டதுன்னு நல்லாப் புரிய வச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்."

அத்தை மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். வழக்கமாக யாருக்கு இணைப்புக் கொடுக்கலாம் என்று தேடுகிற அந்தப் பார்வை ஒரு முறை வீட்டைச் சுற்றி வந்தது. யாரும் இல்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"செருப்பைக் கழட்டுங்க மாப்ள. டெய்லர் மாடியிலதான் நின்னார், நானும் அந்தப் பந்தியில இருந்தேன். பெட்ரோல் பங்க் கட்டுறதுக்காக மண்டபத்தை இடிச்சப்போ அந்த மாடியும் போச்சு, நீங்க இன்னைக்குக் காப்பாத்திக் கொடுத்திருக்கிறது அந்த மண்டபத்தோட அடுப்படி."